ஒரு கோடைக்கு ஒரு பாடம் போதும்

கணித ஆசிரியர்களுக்குக் கோடைக்காலத் தொழில்நுட்பப் பயிற்சி என்று வாட்ஸ்ஆப்பில் அறிவிப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது நிகழ்ச்சி நிரலைத்தான். இடம், சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் அப்புறம். பத்து மணிக்கு ஜியோஜிப்ரா, பதினொன்றரைக்குக் கஹூட், மதியம் கேன்வா, மூன்று மணிக்குக் கூகுள் ஃபார்ம், கடைசியில் 'செயற்கை நுண்ணறிவும் கணிதமும்' என்று இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவேன். கத்திரி வெயிலில் பஸ் ஏறிப் போய், ஒரே நாளில் ஐந்து செயலிகளை இறக்கி, ஐந்துக்கும் பாஸ்வேர்டு போட்டு, குரூப் போட்டோவுக்கு நின்றுவிட்டு வரலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த ஐந்தில் ஒன்றும் நினைவில் இருக்காது. பாஸ்வேர்டும்தான்.

இந்த மே மாதம் நான் கிளம்பிப் போனதற்குக் காரணம், வந்த அழைப்பில் நிகழ்ச்சி நிரல் என்று இருந்தது ஒரே வரி. 'ஏழாம் வகுப்பு, முதல் பருவம், இணைகரத்தின் பரப்பளவு.' அவ்வளவுதான். மொத்தப் பயிற்சிக்கும் அது ஒன்றுதானா என்று போன் போட்டுக் கேட்டேன். "ஆமா சார், அதுக்கே நேரம் பத்தாது, வந்து பாருங்க" என்றார்கள். கல்வித்துறை நடத்திய பயிற்சி இல்லை. நாலைந்து பட்டதாரி ஆசிரியர்கள் சேர்ந்து தாங்களாகவே ஏற்பாடு செய்தது. ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேப் சாவியைத் தலைமையாசிரியர் நம்பிக் கொடுத்திருந்தார். பயணப்படி கிடையாது, ஈடுசெய் விடுப்பு கிடையாது. சாம்பார் சாதமும் மோரும் உண்டு.

முதல் வேலையாக, ஜியோஜிப்ரா என்ற வடிவியல் மென்பொருளைத் திறக்கச் சொல்லி, "ஒரு சதுரம் வரையுங்கள்" என்றார் கருத்தாளர். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலை. ஒழுங்குப் பலகோணம் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் சதுரம் தானாக வந்துவிடும். அந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சிலர் பின்னணிக் கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளிகளை வைத்து இணைத்தார்கள். சிலர் அளவு பார்த்து ஐந்து, ஐந்து என்று சரிசெய்தார்கள். எல்லார் திரையிலும் சதுரம் வந்துவிட்டது. "இப்போது ஏதாவது ஒரு மூலையைப் பிடித்து இழுங்கள்" என்றார்.

அறையில் பாதிப் பேருடைய சதுரம் அந்த நொடியே கலைந்து கோணல்மாணலான நாற்கரமாகிவிட்டது. இன்னும் சிலர் வட்டம் போட்டுப் பக்கங்களைச் சமமாக்கியிருந்தார்கள். அவர்களுடையது இழுத்தபோது சாய்சதுரமாகச் சரிந்தது. அடிப்பக்கத்துக்குச் செங்குத்துக்கோடு போட்டு, அந்தக் கோட்டில் வட்டத்தால் நீளத்தை வெட்டி வரைந்தவர்களின் சதுரம்தான் எப்படி இழுத்தாலும் சதுரமாகவே நின்றது. பெரிதானது, சிறிதானது, தலைகீழாகச் சுழன்றது, ஆனாலும் சதுரம்.

இங்கேதான் பேச்சு சூடுபிடித்தது. "நாலு பக்கமும் சமம்னா சதுரம்தானே சார்?" என்று ஒருவர் கேட்க, "அப்ப சாய்சதுரத்தை என்ன பண்றது?" என்று பின்வரிசை டீச்சர் ஒருவர் திருப்பிக் கேட்டார். சதுரம் என்பது சாய்சதுரத்தில் ஒரு வகையா, இல்லை இரண்டும் வேறு வேறு சாதியா என்று ஆரம்பித்து, சதுரமும் செவ்வகம்தான் என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா என்று வளர்ந்து, டீ வரும்வரை ஓடியது. யாரும் கணினியைப் பற்றிப் பேசவில்லை. அத்தனை பேரும் கணிதம் பேசிக்கொண்டிருந்தார்கள். பல பயிற்சிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

இழுத்துப் பார்ப்பது என்ற இந்த வசதி கணினி வடிவியலின் உயிர்நாடி. ஜியோஜிப்ராவுக்கு முன்பே பிரான்சின் கிரனோபிளில் உருவான காப்ரியிலும், அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஜியோமெட்டர்ஸ் ஸ்கெட்ச்பேடிலும் இது இருந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காக 2001-இல் ஜியோஜிப்ராவைத் தொடங்கினார். பள்ளிகள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பு, ஜியோஜிப்ராவைப் பள்ளிக் கணிதத்தோடு எப்போதோ சேர்த்துவிட்டது. நம் பாடநூல்களிலும் 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்திலிருந்து பாடத்தின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி வருகிறது. பெரும்பாலும் ஜியோஜிப்ராதான். அந்தப் பக்கத்தைப் பரீட்சைக்கு வராது என்று புரட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

சதுரத்தைச் சற்றுத் திருப்பிப் போட்டால் பிள்ளைகள் "டைமண்ட் சார்" என்பார்கள். எந்த ஊர் வகுப்பிலும் இதைக் கேட்கலாம். நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியேர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற தம்பதியர் 1957-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடுகள் இந்த 'டைமண்ட்' விவகாரத்தைத்தான் அலசுகின்றன. பிள்ளை முதலில் வடிவத்தை முகம் பார்த்து அடையாளம் காண்கிறது. பிறகு பக்கம், கோணம் என்று பண்புகளைப் பார்க்கிறது. அதற்கும் பிறகுதான் ஒரு பண்பு இருந்தால் இன்னொன்று வந்தே தீரும் என்ற தொடர்பு புலப்படுகிறது. ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று பேசுவார், பிள்ளை முதல் படியில் நின்று கேட்கும். இருவரும் ஒரே தமிழில் பேசினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டாது. கண்மதிப்பில் வரைந்த சதுரம் இழுத்தவுடன் கலைவது, பிள்ளையை முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு ஏற்றும் வேலையைச் செய்கிறது. கரும்பலகையில் இதைச் செய்ய முடியாது. சாக்பீஸில் போட்ட சதுரம் இழுபடாது.

அப்புறம் இணைகரத்துக்கு வந்தோம். கருத்தாளர் பையிலிருந்து எடுத்தது லேப்டாப் இல்லை. ஐஸ் குச்சிகளை மூலையில் குண்டூசி குத்தி இணைத்த ஒரு செவ்வகச் சட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு லேசாகச் சாய்த்தார். "பரப்பளவு என்ன ஆகும்?" திரையில் இன்னொரு செவ்வகம். அடிப்பக்கம் அப்படியே இருக்க, மேல்பக்கம் மட்டும் ஒரு தண்டவாளத்தில் போவதுபோல் வலப்பக்கம் நகரும். "இதில் பரப்பளவு என்ன ஆகும்?" இரண்டுக்கும் விடையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கையெழுத்து எதற்கு என்று கேட்டவருக்கு, "அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாதுல்ல" என்று பதில் வந்தது. சிரிப்பு.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். செவ்வகம் சாய்ந்து இணைகரமாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் 8, பக்கம் 5 என்று வைத்துக்கொள்வோம். செவ்வகமாக இருக்கும்போது பரப்பளவு 40, சுற்றளவு 26. குச்சிச் சட்டத்தைச் சாய்த்தால் குச்சியின் நீளம் மாறாது, அதனால் சுற்றளவு 26-லேயே நிற்கும். உயரம் மட்டும் குறைந்துகொண்டே போகும். கோணம் 30 பாகை ஆகும்போது உயரம் 2.5, பரப்பளவு 20, சரியாகப் பாதி. தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் பூஜ்யம்.

திரையில் இருப்பது வேறு. மேல்பக்கம் இணைகோட்டிலேயே நகர்வதால் உயரம் 5-ஐ விட்டு அசையாது. பரப்பளவு எப்போதும் 40. சாய்வான பக்கம்தான் நீண்டுகொண்டே போகும். மேல்பக்கத்தை 12 அலகு நகர்த்தினால் அந்தப் பக்கம் 13 ஆகிவிடும் (5, 12, 13 என்று பித்தாகரஸ் சார் வந்து நிற்கிறார்). சுற்றளவு 42. ஒன்றில் சுற்றளவு மாறாமல் பரப்பளவு கரைகிறது, இன்னொன்றில் பரப்பளவு மாறாமல் சுற்றளவு ஊதுகிறது.

தாள்களைப் பிரித்துப் படித்தபோது இரண்டிலும் 'மாறாது' என்று எழுதியவர்கள் இருந்தார்கள், இரண்டிலும் 'குறையும்' என்று எழுதியவர்களும் இருந்தார்கள். யார் எழுதியது என்பதை வாசிக்கவில்லை, நல்லவேளை. அதற்குப் பிறகுதான் திரையில் செவ்வகத்தைச் சாய்க்கும் ஸ்லைடரை நகர்த்தினார். அந்த நேரத்தில் அறையில் ஒருவர்கூட மொபைலைப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தது சரியா தப்பா என்று தெரிந்தாக வேண்டுமே.

இந்த வரிசைதான் எனக்கு அந்தப் பயிற்சியிலேயே பெரிய விஷயம். நாம் வழக்கமாகச் செய்வது, ஸ்மார்ட் போர்டில் அனிமேஷனை ஓடவிட்டு, "பாத்தீங்களா, புரிஞ்சுதா?" என்று கேட்பது. "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழு 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. வகுப்பில் செய்து காட்டும் சோதனையைச் சும்மா உட்கார்ந்து பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள் தேறினார்கள். ஊகிக்கச் சொல்ல ஆகும் கூடுதல் நேரம் ஓரிரு நிமிடம்தான். ஹார்வர்டில் படிக்கும் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், மதிய உணவு சாப்பிட்டுவிட்டு ஐந்தாம் பீரியடில் உட்கார்ந்திருக்கும் நம் ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

பள்ளிக்குக் கணினி கொடுத்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்ற கணக்கும் அப்படியே பலிக்கவில்லை. பள்ளிகளில் கணினித் தொழில்நுட்பத்துக்குப் பெரும் பணம் போட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று ஓ.இ.சி.டி. அமைப்பு 2015-இல் அறிக்கையே வெளியிட்டது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வை நடத்துபவர்கள் அவர்கள்தான்.

அப்படியானால் எங்கேதான் பலித்தது? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவின் டெக்ஸாஸ். அதுவும் நம்மைப்போல ஏழாம், எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள், அதுவும் கோடைப் பயிற்சி. ஜேம்ஸ் கேப்புட் என்ற கணிதக் கல்வியாளர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் சிம்கால்க் என்று ஒரு மென்பொருளை உருவாக்கியிருந்தார். திரையில் ஓட்டக்காரர்கள் ஓடுவார்கள், பக்கத்தில் நேரமும் தூரமும் வரைபடமாக விரியும். மாணவர் வரைபடத்தின் கோட்டைப் பிடித்து நிமிர்த்தினால் ஓட்டக்காரர் வேகமெடுப்பார். கோட்டைப் படுக்க வைத்தால் நின்றுவிடுவார். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்கிறார். நேர்விகிதம் என்பது சூத்திரமாக இல்லாமல் ஓட்டமாகக் கண்ணில் படும்.

கேப்புட் 2005-இல் இறந்துவிட்டார். அவருடைய வேலையை எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனமும் உடன் பணியாற்றியவர்களும் டெக்ஸாஸில் பெரிய அளவில் சோதித்தார்கள். ஏழாம் வகுப்புச் சோதனையில் மட்டும் 95 ஆசிரியர்கள், 1,621 மாணவர்கள். முடிவுகள் 2010-இல் வந்தன. அவர்கள் ஆசிரியர்களைக் கூப்பிட்டு மென்பொருளை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. வீதம், விகிதசமம் என்ற ஒரே பகுதிக்கு, இரண்டு மூன்று வாரம் நடத்தக்கூடிய ஒரு பாடத்தை முழுமையாக எழுதிக் கொடுத்தார்கள். கால்பந்து அணி ஒன்றை நிர்வகிப்பது அந்தப் பாடத்தின் கதை. அதற்குத் தேவையான அளவுக்கே மென்பொருள். கோடைப் பட்டறையில் ஆசிரியர்கள் மாணவர்களைப்போல உட்கார்ந்து அந்தப் பாடத்தைச் செய்து பார்த்தார்கள். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஆசிரியர்களுக்கும் அதே கணிதப் பகுதியில் பயிற்சி உண்டு, மென்பொருளும் புதிய பாடமும்தான் கிடையாது.

சிம்கால்க் வகுப்புகளின் மாணவர்கள் தெளிவாக முந்தினார்கள். இன்னும் முக்கியமானது, எந்தக் கேள்விகளில் முந்தினார்கள் என்பது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு எடுக்கும் எளிய கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை. வரைபடத்தைப் படித்து யோசிக்க வேண்டிய கடினமான கேள்விகளில்தான் இடைவெளி. ஐந்து செயலிகளை அறிமுகப்படுத்தும் பயிற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நமக்குக் கருவி இல்லை என்று இனி அழ முடியாது. தமிழகத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று 2024-இல் அரசு திட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. கைக்கணினி வந்தபின் அதில் அதிகம் திறக்கப்படுவது எது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: வருகைப்பதிவு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளம். ஜியோஜிப்ராவை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். எங்கள் பயிற்சியில் வேண்டுமென்றே வைஃபையை அணைத்துவிட்டுத்தான் செய்தோம். ஊரில் நெட் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைக்கு ஒரு கணினி வேண்டும் என்பதும் இல்லை. ஒரே திரை, முன்னால் நாற்பது பிள்ளைகள், எல்லாரிடமும் விடை வாங்க வேண்டும். அதற்குப் பிளிக்கர்ஸ் என்று ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளையாக ஒரு வடிவம். எந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அ, ஆ, இ, ஈ. ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளை என்ன சொன்னாள் என்று அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்சுக்காரர்களைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும். இதில் அது நடக்காது. ஸ்லைடரை நகர்த்துவதற்கு முன் ஊகத்தை வாங்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. அட்டையும் இல்லையா, சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசி நாள் மதியம் அடுத்த கோடைக்கு எந்தப் பாடம் என்று பேச்சு வந்தது. நேர், எதிர் விகிதங்கள் என்று நான் கைதூக்கினேன். டெக்ஸாஸ்காரர்கள் எடுத்த அதே பகுதி. ஆட்டோக் கட்டணத்தை வைத்துத் தொடங்கலாம் என்றேன். 2013-இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் கூடினால் கட்டணம் கூடும், ஆகவே நேர்விகிதம் என்று பிள்ளைகள் பளிச்சென்று சொல்வார்கள். 3.8 கிலோமீட்டருக்கு 49 ரூபாய். தூரத்தை இரட்டிப்பாக்கி 7.6 ஆக்கினால்? 98 என்று எழுதுவார்கள். எக்செல்லில் போட்டால் 94 ரூபாய் 60 காசு வந்து நிற்கும். வரைபடம் ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, முதலில் படுத்துக் கிடந்து 1.8-இல் நிமிரும். கூடுவதெல்லாம் நேர்விகிதம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? "மீட்டர் போடுற ஆட்டோவை முதல்ல கண்டுபிடிங்க சார்" என்றார் சென்னையில் படித்த ஒரு டீச்சர். அதுவும் நியாயம்தான்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மறுபடி கூட வேண்டும். பாடத்தை நடத்திவிட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த ஊகத் தாள்களோடு வர வேண்டும். பயிற்சிக்காகத் தொடங்கும் வாட்ஸ்ஆப் குழு எங்கே போய் முடியும் என்று தெரியும். முதல் வாரம் ஜியோஜிப்ரா கோப்புகள், இரண்டாம் வாரம் சந்தேகங்கள், அதன் பிறகு காலை வணக்கமும் பூங்கொத்தும் ஊதிய உயர்வுச் செய்தியும். நேரில் கூடினால் கையில் தாளோடு போகாமல் இருக்க முடியாது. தேதி குறித்தாகிவிட்டது. பாதிப் பேர் வந்தாலே லாபம்.

இணைகரக் கோப்பு என் கைக்கணினியில் இருக்கிறது. குச்சிச் சட்டம் செய்ய என் மகளைப் பிடித்து உட்கார வைத்தேன், ஆறு செய்து கொடுத்திருக்கிறாள், கூலியாகக் குச்சியோடு ஐஸையும் வாங்கிக்கொண்டாள். வகுப்பில் புரொஜெக்டர் இருக்கும் இடத்துக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நடுவில் நல்ல தூரம். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்று வேண்டும். பள்ளி மானியத்தில் எழுத முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும், முடியாது என்றால் நானே வாங்கிவிடுவேன்.